அவரைக் கேட்காமல் வாங்கிய கையெழுத்து

“ரெண்டு வெரலு எடுக்கறதுக்குத் தொடை வரைக்கும் எதுக்கு நர்சம்மா செரைக்கிற?”

மாதையன் சாதாரணமாகத்தான் கேட்டார். குரலில் சந்தேகம்கூட இல்லை. சலூன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கிருதாவை ஏன் இவ்வளவு ஏற்றுகிறாய் என்று கேட்பார்களே, அந்த மாதிரி.

என் கையில் ரேஸர். அவருடைய வலது முழங்காலுக்கு மேலே சோப்பு நுரை. பாதத்தில் பெரிய கட்டு. அதிலிருந்து வந்த வாடை டெட்டாலையும் தாண்டி மூக்கில் ஏறியது. மணி காலை எட்டரை. ஒன்பதரைக்கு ஆபரேஷன் தியேட்டரில் அவருடைய முறை.

நுரையை இன்னும் கொஞ்சம் பூசினேன். அன்றைக்கு எடுக்கப்போவது இரண்டு விரலை அல்ல, முழங்காலுக்குக் கீழே மொத்தக் காலையும். வார்டில் எல்லோருக்கும் அது தெரியும். பக்கத்துக் கட்டில்காரருக்குக்கூடத் தெரியும்.

அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

“தம்பி சின்னசாமி சொன்னான், ரெண்டு வெரலு கறுத்துப்போச்சு, அத எடுத்துட்டாச் சரியாயிருமாம். போனாப் போவுது. செருப்புக் கொஞ்சம் லூசா இருக்கும், அவ்ளோதான? இன்னும் பத்து நாள்ல சாமந்தி பறிப்புங்க. நான் போயி நிக்கலன்னா இவனுங்க பூவச் செடியிலயே காய உட்ருவானுங்க.”

“தண்ணி மாத்தீட்டு வந்தர்றேங்க” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கிண்ணத்தில் தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது.

அது என் வேலையும் இல்லை. ஆண் நோயாளிகளுக்கு ஷேவ் செய்து தயார் பண்ணுவது வார்டு உதவியாளர் குப்புசாமி. அன்றைக்கு அவர் மச்சினன் கல்யாணம். அதனால் நான் ரேஸரைப் பிடித்தேன். குப்புசாமி வந்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை. அவர் வேலை செய்யும்போது காதில் எப்போதும் பாட்டு மாட்டியிருப்பார்.

நான் பெருமைப்பட்ட ஒரு பழக்கம்

கொரோனா ஓய்ந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். தருமபுரி டவுனில் நாற்பது படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை வார்டுக்கு நான்தான் பொறுப்பு நர்ஸ். அதன் பெயர் இந்தத் தொடரில் வராது. கேட்டு போன் செய்யாதீர்கள்.

மாதையனுக்கு இண்டூரைத் தாண்டி ஒரு கிராமம். அறுபது வயது இருக்கும். அண்ணன் தம்பி நாலு பேரில் மூத்தவர். நிலம், கிணறு, கொடுக்கல் வாங்கல், கல்யாணம், காது குத்து எல்லாம் அவர் சொன்னால் சொன்னதுதான். பல வருடமாகச் சர்க்கரை. காலில் முள் குத்தியதைக் கவனிக்காமல் வயலில் நடந்திருக்கிறார். பாதம் கறுத்து வீங்கிய பிறகுதான் தம்பிகள் கார் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

சேர்க்கும்போது அடுத்த தம்பி சின்னசாமியிடம் ஐந்து தாளை நீட்டினேன். “இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசியா இங்க.” அவரும் பேனாவை வாங்கி மளமளவென்று போட்டார். அதில் ஒன்று அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவம். என்ன அறுவை சிகிச்சை, எந்தக் கால், எந்தக் கை என்று எதுவும் எழுதாத படிவம். அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாதே, எப்படி எழுதுவது? கையெழுத்தை முதலில் வாங்கிவிடு, மற்றதை டாக்டர் பிறகு நிரப்பிக்கொள்வார். இதுதான் எங்கள் முறை.

எனக்கு முன்னால் இருந்த சிஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நான் எனக்குப் பின்னால் வந்த எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தது.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் நோயாளியைச் சேர்த்ததும் காணாமல் போவார்கள். ஒருத்தர் டீக்கடையில், ஒருத்தர் பஸ் ஸ்டாண்டில், ஒருத்தர் மோட்டார் போட ஊருக்கே போயிருப்பார். தியேட்டர் தயார், டாக்டர் தயார், கையெழுத்துப் போட ஆள் இல்லை என்றால் திட்டு வாங்குவது நர்ஸ்தான். என் வார்டில் கையெழுத்து இல்லாமல் ஒரு கேஸ்கூட நின்றதில்லை என்று நான் மார்தட்டிக்கொண்டது உண்டு. யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அன்றைக்கு இன்னொன்றும் செய்தேன். “சுகர் தவிர வேற நோவு ஏதாவது உண்டுங்களா?” என்று கேட்டேன். கேட்டது சின்னசாமியிடம்.

“ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர். அண்ணன் கல்லு மாதிரி.”

அப்படியே எழுதிக்கொண்டேன். மாதையன் பக்கத்திலேயே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டுப்போயிருந்தது அவர் பாதம்தான். வாய் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவரை நான் கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

மூன்றாம் நாள் சாயங்காலம் சர்ஜன் தம்பிகளைக் காரிடாரில் நிற்க வைத்து, மருந்துச் சீட்டின் பின்பக்கம் கால் படம் போட்டு, எங்கே வெட்ட வேண்டும் என்று கோடு கிழித்துக் காட்டினார். “அண்ணன்கிட்ட நாங்க பக்குவமாச் சொல்லிக்கறோம்” என்றார்கள். சொல்லிவிட்டார்கள் என்று டாக்டர் நினைத்தார். டாக்டர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். சேர்த்த அன்றைக்கே போட்ட கையெழுத்துக்கு மேலே காலியாக இருந்த இடத்தில், வலது காலை முழங்காலுக்குக் கீழே அகற்ற சம்மதம் என்று நிரப்பப்பட்டது.

சம்மதம் சின்னசாமியுடையது. கால் மாதையனுடையது.

தொண்ணூறு மார்க்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு நர்சிங் மாணவி, மருத்துவ அறம் பற்றி எழுதுங்கள் அக்கா, பரீட்சைக்கு உதவும் என்று கேட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பாடத்தில் நான் தொண்ணூறு மார்க்.

எங்கள் காலத்தில் அதை ஒப்பித்தோம். ஆட்டானமி, பெனிஃபிசன்ஸ், நான்-மெலஃபிசன்ஸ், ஜஸ்டிஸ். மூன்றாவதைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை, நல்லது செய்வது, கெடுதல் செய்யாமல் இருப்பது, எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பது. இது போக, விவரம் தெரிந்து கொடுக்கும் ஒப்புதல், ரகசியம் காப்பது என்று இரண்டு. ஹாஸ்டல் மொட்டை மாடியில் நடந்துகொண்டே உருப்போட்டது இன்னும் மறக்கவில்லை.

வார்டுக்கு வந்த பிறகு அந்த வார்த்தைகளை நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவை பரீட்சைத் தாளில் இருந்தன. வார்டில் இருந்தது பெட்பேனும் டிரிப்பும் டாக்டரின் கோபமும்தான்.

கையில் சோப்புக் கிண்ணத்தோடு காரிடாரில் நின்றபோது அந்த ஆறும் வரிசையாக நினைவுக்கு வந்தன. தொண்ணூறு மார்க்கை யாராவது திருப்பி வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

“சொன்னா வூட்டுக்கு வந்துருவாரு”

சின்னசாமி வாசல் படியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மற்ற தம்பிகள் ரத்தம் கொடுக்கப் போயிருந்தார்கள்.

“உங்க அண்ணன் ரெண்டு வெரலுதான்னு நெனச்சுட்டு இருக்காருங்களே. நீங்க சொல்லலியா?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். முகம் கறுத்துவிட்டது.

“எப்புடீங்க சொல்றது? சொன்னா ஒத்துக்கவே மாட்டாரு. இப்பவே எழுந்து வூட்டுக்கு வந்துருவாரு. வூட்டுக்கு வந்தா ஆளு போயிருவாருன்னு டாக்டரே சொல்லீட்டாரு.”

“அதுக்காக? ஊசி மயக்கம் போனதும் கால் இல்லன்னு அவரே பாக்கறதுங்களா?”

“பாத்துட்டுத் திட்டட்டும், அடிக்கட்டும். உசுரோட இருந்து அடிக்கட்டும் சிஸ்டர். எங்கப்பன் போனப்ப எனக்கு ஒம்பது வயசு. எங்க மூணு பேரையும் அவரு கையாலதான் வளத்தாரு. எங்களுக்குக் காலு வேணாங்க, அண்ணன் வேணும்.”

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நாற்பத்தைந்து வயது ஆள், வாசல் படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

நான் சண்டை போடத்தான் போனேன். அழுகையைப் பார்த்ததும் சண்டை எங்கே போனதென்று தெரியவில்லை. இவர் சொல்வதும் சரிதானோ என்று தோன்றியது. இன்னும் முக்கால் மணி நேரம். நான் வாயை மூடிக்கொண்டு மீதி நுரையை வழித்துவிட்டால் ஒரு உயிர் பிழைக்கும். அதோடு, நான் காலித் தாளில் கையெழுத்து வாங்கியதும் யாருக்கும் தெரியாமல் போகும். இரண்டாவது காரணம் அன்றைக்கு எனக்குச் சின்னதாகத் தெரிந்தது என்று சொன்னால் அது பொய்.

அரூர்ப் பக்கத்துப் பெண்

வாயை மூடிக்கொள்வது எனக்குப் புதிது இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறு ஊரில், வேறு இடத்தில், அரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பிரசவத்துக்கு வந்தாள். குழந்தை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. கணவனிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எடுக்காவிட்டால் அவள் செத்திருப்பாள், அதில் சந்தேகமே இல்லை. தவறு அதற்குப் பிறகுதான். ரத்தத்தை நிறுத்த ஆபரேஷன் என்பதோடு சரி, கர்ப்பப்பை போனதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. மாமியார் வேண்டாம் என்றார், கணவன் அப்புறம் என்றான், எங்களுக்கு அது எங்கள் வேலை என்று தோன்றவில்லை.

குழந்தைக்கு ஊசி போட வரும்போதெல்லாம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பாள். “அக்கா, எனக்கு இன்னும் தூரமே ஆவலக்கா. ஏன்?”

“பால் குடுக்கற ஒடம்பு, லேட்டாத்தான் ஆகும்” என்று நான் சொன்னேன். ஒரு தடவை அல்ல, மூன்று நாலு தடவை. அவள் என்னை நம்பி, தலையாட்டிவிட்டுப் போவாள். பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். யார் மூலமாக, எப்படித் தெரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரியாது.

வாசல் படியில் நின்றபோது அவள் தலையாட்டியது கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் கிண்ணத்தைச் சின்னசாமி பக்கத்தில் வைத்துவிட்டுத் தியேட்டரை நோக்கி நடந்தேன்.

தொப்பியைக் கழற்றிய சர்ஜன்

எங்கள் சர்ஜன் நல்ல மனிதர், நல்ல கை, ஆனால் மூக்கு நுனியில் கோபம். பச்சைச் சட்டை போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“சார், மாதையனுக்குக் கால் எடுக்கறது தெரியாது சார்.”

“என்ன தெரியாது? சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் எக்ஸ்ப்ளெயின் பண்ணிட்டேனே. கன்சென்ட் இருக்கே.”

“அது காலித் தாள்ல வாங்குனது சார். அட்மிஷன் அன்னிக்கே. நான்தான் வாங்குனேன். அவருகிட்ட யாரும் பேசல.”

அவர் குழாயை மூடினார். பிறகு பேசினார். அதை இங்கே எழுத முடியாது, இது குடும்பப் பத்திரிகை. எத்தனை வருட சர்வீஸ் உனக்கு என்பதில் ஆரம்பித்து வீட்டுக்குப் போய்விடு என்பது வரை வந்தது. நான் தலையைக் குனிந்து நின்றேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் நெஞ்சில் ஏதோ ஒரு அடைப்பு விட்டது போலவும் இருந்தது.

திட்டி முடித்ததும் அவர் தொப்பியைக் கழற்றினார்.

“அனஸ்தீசியா டாக்டரையும் கூப்பிடு. போலாம் வா.”

மாதையன் ஒரு தொடையில் காய்ந்துபோன சோப்போடு அப்படியே படுத்திருந்தார். சின்னசாமி எங்களுக்கு முன்னால் ஓடி வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“ஐயா, ரெண்டு விரல் மட்டும் எடுத்தாப் பத்தாது. சீழ் மேல ஏறிருச்சு. முழங்காலுக்குக் கீழ இருந்து எடுக்கணும்.” தன் கையை அவர் காலின் மேல் வைத்து இடத்தைக் காட்டினார்.

மாதையன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார்.

“எடுக்கலன்னா?”

“விஷம் ரத்தத்துல கலந்துரும். சில வாரம். அதுக்கு மேல கஷ்டம்.”

“எடுத்தா?”

“கட்டைக் கால் வெச்சு நடக்கலாம். நெறையப் பேரு நடக்கறாங்க. ஆனா கொஞ்ச நாள் ஆகும், வலி இருக்கும். அதுல பொய் சொல்ல மாட்டேன்.”

பக்கத்துக் கட்டில்காரர் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாதையன் கத்தவில்லை. எழுந்து போகவும் இல்லை. மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தபடி வெகு நேரம் கிடந்தார்.

“மயக்க ஊசி எங்க போடுவீங்க?”

“முதுகுல” என்றார் அனஸ்தீசியா டாக்டர்.

“சின்னசாமி, நீ கொஞ்சம் வெளிய போ.”

“அண்ணே…”

“போடா.”

தலையணைக்கு அடியில்

சின்னசாமி போனதும் மாதையன் தலையணைக்கு அடியில் கையை விட்டு வெற்றிலைப் பையை எடுத்தார். வெற்றிலைக்கும் சுண்ணாம்பு டப்பாவுக்கும் நடுவிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை உருவி டாக்டரிடம் கொடுத்தார்.

“நெஞ்சுல ஸ்பிரிங் வெச்சிருக்குதுங்க. பெங்களூர்ல, ஒண்ணரை வருசம் ஆச்சு. மவன் வூட்டுக்குப் போறேன்னு சொல்லீட்டுப் போயி வெச்சுட்டு வந்தேன். இது வெடியால ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. இன்னிக்கும் போட்டுட்டேன்.”

ஸ்பிரிங் என்று அவர் சொன்னது இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட். அனஸ்தீசியா டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டி இரண்டு காலுமே விளங்காமல் போகலாம். வெட்டும் இடத்திலும் ரத்தம் நிற்காது. ஈ.சி.ஜி.யில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு வேறு நோய் எதுவும் இல்லை என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது.

“ஏன் சொல்லல நீங்க?” டாக்டரின் குரல் உயர்ந்தது.

“யாரு கேட்டா?” என்றார் மாதையன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மாத்திரை அட்டையைப் பார்த்தேன்.

இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால், அந்த மனிதரை அந்த மேஜையில் கிடத்தியிருப்போம். நான் ரேஸரை வைத்துவிட்டு எழுந்து வந்ததற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல், எங்கள் ஊர் முனியப்பனில் ஆரம்பித்து எல்லாச் சாமிக்கும் சொன்னேன்.

“தம்பிகளுக்குத் தெரியாதுங்களா?” என்று கேட்டேன்.

“மவனுக்கு மட்டுந்தான் தெரியும், வாய உட்ருவான்னு அவன இங்க வரவேணாம்னுட்டேன். இவனுங்களுக்குத் தெரிஞ்சா வூட்ல ஒக்கார வெச்சுருவானுங்க நர்சம்மா. நெலத்துப் பக்கம் உடமாட்டானுங்க. எனக்கு என்ன வேணும்னு எங்கிட்டக் கேக்காம அவனுங்களே முடிவு பண்ணுவானுங்க.” சொல்லிவிட்டுத் தன் காலைப் பார்த்தார். “இப்ப மட்டும் என்ன.”

பிறகு விரலை நீட்டினார். “இத நீங்க யாரும் சொல்லக் கூடாது. சொல்றதா இருந்தா நானே சொல்லுவேன்.”

ஐந்து நாள்

மாத்திரையை நிறுத்தி ஐந்து நாள் காத்திருப்பது என்று முடிவானது. சேலத்தில் ஓர் இதய மருத்துவரிடம் போனில் பேசி, எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று எழுதி வாங்கினார் சர்ஜன். ஐந்து நாளில் சீழ் மேலே ஏறினால் என்ன செய்வது என்ற கேள்வியும் இருந்தது. அதையும் மாதையனிடமே சொன்னார். “சரிங்க, பாப்போம்” என்றார் அவர்.

ஆபரேஷன் நின்றதற்கு இன்னும் சில டெஸ்ட் பாக்கி என்று மட்டும் தம்பிகளிடம் சொன்னோம். சின்னசாமி அதை நம்பவில்லை. “நீங்கதான் அவரப் பயமுறுத்தி உட்டுட்டீங்க. எங்கண்ணனுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்கள சும்மா உட மாட்டேன்” என்று என்னிடம் நேராகவே சொன்னார். அன்று முதல் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வாய் துறுதுறுத்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், காலில் விழுவார். சொல்லவில்லை.

இது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். என் வீடு இண்டூர் ரோட்டில். டவுன் பஸ்ஸில் போகும்போது வார்டுக் கதையெல்லாம் பேசிக்கொண்டே போவேன். யாருக்குக் கல், யாருக்குக் கட்டி, யார் வீட்டு மருமகளுக்கு என்ன என்று பஸ்ஸுக்கே தெரியும். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, வாய்தான். அந்த வாரம் ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எங்கூரு மாதையண்ணன் உங்க ஆஸ்பத்திரியிலதான? என்னவாம்? ஆபரேசன் நின்னு போச்சாமே?”

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

தினமும் காலையில் கட்டுப் பிரிப்போம். சிவப்பு நேற்றைவிட மேலே வந்திருக்கிறதா என்று பேனாவால் போட்ட கோட்டைப் பார்ப்போம். முதல் நாள் கோட்டில் நின்றது. இரண்டாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் நூற்றிரண்டு. மருந்தை மாற்றினார்கள். நான் சொன்னதால்தான் ஆபரேஷன் நின்றது, நான் சொன்னதால்தான் இவர் செத்தார் என்று ஆகிவிடுமோ என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மத்தியானம் அவருக்கு வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியது. நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

அந்த ஐந்து நாளில் மாதையன் கேட்காத கேள்வி இல்லை. கட்டைக் கால் எவ்வளவு கனம், வரப்பில் நடக்குமா, எடுத்த காலை என்ன செய்வீர்கள், டிராக்டர் கிளட்ச்சை எப்படி மிதிப்பது. கிளட்ச் இடது கால்தான் என்று சர்ஜன் சொன்னதும் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

முழுசாப் படி

ஐந்தாம் நாள் சாயங்காலம் புதிய படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை எல்லா இடமும் நிரப்பியிருந்தது. அவரே தம்பிகள் மூன்று பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். எடுத்த எடுப்பில் ஸ்பிரிங் விஷயத்தைச் சொன்னார். நெஞ்சைத் தட்டிக் காட்டி, “இங்க ஒண்ணு இருக்குது. ஒண்ணரை வருசமா இருக்குது. உங்கள்ட்டச் சொல்லல. அதனாலதான் அன்னிக்கு நின்னுச்சு” என்றார். அவ்வளவுதான். சின்னசாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

“படி நர்சம்மா.”

“நீங்களே படிக்கலாங்களே.”

“கண்ணாடி வூட்ல இருக்குது. முழுசாப் படி. நடுவுல உடாத.”

படித்தேன். இத்தனை வருடத்தில் அந்தப் படிவத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நான் படித்தது அதுதான் முதல் தடவை. ரத்தப்போக்கு, தொற்று, மாரடைப்பு, உயிர் ஆபத்து என்று வந்த இடங்களில் என் குரல் தாழ்ந்தது. அவர் சத்தமாகப் படிக்கச் சொன்னார். முடித்ததும் பேனாவை வாங்கி, மா, தை, ய, ன் என்று எழுத்து எழுத்தாகப் போட்டார். சாட்சி என்று இருந்த இடத்தைக் காட்டி, “இது என்ன?” என்று கேட்டார்.

“நீங்க தெரிஞ்சுதான் போட்டீங்கன்னு பாத்தவங்க போடறதுங்க.”

“சின்னசாமி, வா. போடு.”

சின்னசாமி போட்ட கையெழுத்து கோணிக்கொண்டு போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டார்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு மாதையன் உள்ளே போனார். நானும் கூடவே போனேன், அது என் முறை இல்லாவிட்டாலும். முதுகில் ஊசி என்பதால் அவருக்கு நினைவு இருந்தது. நடுவில் பச்சைத் துணி. “ஆரம்பிச்சுட்டாங்களா?” என்று கேட்டார். “ஆரம்பிச்சுட்டாங்க” என்றேன். வெகு நேரம் கழித்து, “எடுத்தாச்சா?” என்றார். “எடுத்தாச்சுங்க” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு என் கையை இறுகப் பிடித்தார். அனஸ்தீசியா டாக்டர் மானிட்டரைப் பார்த்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

வெளியே வந்தேன். கதவுக்கு நேராகச் சின்னசாமி நின்றிருந்தார். ஐந்து நாளாகப் பேசாதவர். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார், வாய் கோணியது.

நல்லா இருக்காருங்க என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தியேட்டருக்குள் போடும் மாற்றுச் செருப்பை எடுத்து அவர் காலடியில் போட்டேன். “ஒரு நிமிசம் உள்ள போயி அவரையே கேளுங்க.”

போனார். நான் காரிடார்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. ஒரு நிமிடம் ஐந்து நிமிடம் ஆயிற்று. கதவு திறந்தது. சின்னசாமி வெளியே வந்தார். முகமெல்லாம் கண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

“திட்றாருங்க சிஸ்டர்” என்றார். “சாமந்திக்குத் தண்ணி உடாம இங்க நின்னுட்டு என்னடா பண்றீங்க மூணு பேரும்னு திட்றாரு.”

நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்று சிரித்தோம். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மோட்டார் போட ஊருக்குப் பஸ் பிடிக்கப் போனார்.